இரட்டை இன்ஜின் படகை ஜெட்டியில் அணைப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

நடுக்கடலில் யார் வேண்டுமானாலும் நன்றாகப் படகு ஓட்டலாம். ஓட்டத் தெரியுமா தெரியாதா என்பது கடைசி 20 மீட்டரில்தான் தெரியும். சென்னையில் இது இன்னும் கடினம். துறைமுகத்துக்குள் நாம் அணைகிற இடம் பெரும்பாலும் சிமெண்ட் சுவர்தான். சுவரில் தொங்குவது பழைய லாரி டயர், பக்கத்தில் கட்டியிருப்பது இன்னொருவர் படகு. உரசினால் ஃபைபர் பெயரும். அதைவிட மோசம், நடுவில் யாராவது கையை வைத்துவிட்டால்.

எனக்கு இந்தப் பாடம் ஒரு மே மாத மதியத்தில் கிடைத்தது. காலையில் கிளம்பும்போது தண்ணீர் தட்டில் ஊற்றியதுபோல் இருந்தது. திரும்பி வரும்போது கடல்காற்று எழுந்துவிட்டது. ஜெட்டிக்கும் படகுக்கும் இரண்டு மீட்டர் இடைவெளி இருக்கும்போது பதற்றத்தில் த்ராட்டிலை (இன்ஜின் வேகத்தைக் கூட்டும் லீவரை) அழுத்தினேன். பின்பக்க மேடை சுவரில் இடித்தது. தள்ளிப் பிடிக்கக் கையை நீட்டிய நண்பர், ஒரு கணம் முன்னால்தான் கையை எடுத்திருந்தார். அன்றைக்கு நடந்த தவறு ஒன்றுதான்: கியர் செய்ய வேண்டிய வேலையை த்ராட்டிலிடம் கொடுத்தேன். இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றித்தான். இரண்டு இன்ஜின் உள்ள படகை ஐடிலிலேயே (வேகத்தைக் கூட்டாமல், இன்ஜின் சும்மா ஓடும் நிலையிலேயே), கியரை மட்டும் போட்டும் எடுத்தும், எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்.

நான் சொல்வது 10 முதல் 13 மீட்டர் நீளமுள்ள டீசல் குரூசருக்கு. அடியில் இரண்டு ஷாஃப்ட், இரண்டு புரொப்பல்லர், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சுக்கான். இடம், வலம் என்று சொல்வதெல்லாம் அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, பார்த்து நிற்கும்போது. இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை.

கைவண்டிக் கணக்கு

பாரிமுனைத் தெருக்களில் மூட்டை ஏற்றிய கைவண்டியைத் தள்ளிப் போகிறவரைப் பாருங்கள். வண்டி இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் வலக்கைப் பிடியை அழுத்தித் தள்ளுவார். இன்னும் சீக்கிரம் திரும்ப வேண்டுமென்றால் இடக்கைப் பிடியைத் தன் பக்கம் இழுப்பார். வண்டி நின்ற இடத்திலேயே சுற்றும். உங்கள் இரண்டு கியர் லீவர்களும் அந்த இரண்டு பிடிகள்தான்.

வலது இன்ஜின் முன்னால் போனால் அணியம் இடப்பக்கம் திரும்பும். இடது இன்ஜின் முன்னால் போனால் வலப்பக்கம் திரும்பும். வலது முன்னால், இடது ரிவர்ஸில் என்றால் படகு தன் நடுவை மையமாக வைத்து இடப்பக்கம் சுழலும். இவ்வளவுதான் கணக்கு. இந்த வேகத்தில் ஸ்டியரிங்குக்குப் பெரிய வேலை இல்லை. நடுவில் நேராக வைத்துவிட்டு அதை மறந்துவிடுங்கள். எப்போது தேவைப்படும் என்று பின்னால் சொல்கிறேன்.

இதற்கு உதவியாக இன்னொன்றும் நடக்கிறது. புரொப்பல்லர் சுற்றும்போது படகை முன்னாலோ பின்னாலோ தள்ளுவதோடு, பின்பக்கத்தைக் கொஞ்சம் பக்கவாட்டிலும் நகர்த்தும். பெரும்பாலான இரட்டை இன்ஜின் படகுகளில் புரொப்பல்லர்கள் வெளிப்பக்கமாகச் சுற்றும்படி அமைத்திருப்பார்கள். அதாவது பின்னாலிருந்து பார்த்தால், முன்னால் போகும்போது வலது புரொப்பல்லர் கடிகாரச் சுற்றிலும் இடது அதற்கு எதிராகவும் சுற்றும். அப்படி இருந்தால் இந்தப் பக்கவாட்டு நகர்வும் நீங்கள் திரும்ப நினைக்கும் திசையிலேயே சேர்ந்துகொள்ளும். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கும்போது இறக்கைகளின் சாய்வைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ரிவர்ஸ் முன் கியரைவிட பலம் குறைந்தது. இறக்கைகள் முன்னால் தள்ளுவதற்காக வடித்தவை. அதனால் ஒன்றை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் போட்டுச் சுழற்றினால், படகு சுழன்றுகொண்டே மெதுவாக முன்னால் நகரும். புதியவர்கள் எதிர்ச் சுவரைத் தொடுவது இப்படித்தான். முன் கியரில் இருப்பதை அவ்வப்போது இரண்டு வினாடி நியூட்ரலுக்கு எடுங்கள், சரியாகிவிடும்.

படகு எந்தப் புள்ளியை மையமாக வைத்துத் திரும்புகிறது என்பதும் மாறிக்கொண்டே இருக்கும். முன்னால் நகரும்போது அது அணியத்திலிருந்து சுமார் மூன்றில் ஒரு பங்கில் இருக்கும். அதனால் பின்பக்கம்தான் அகலமாக வீசும். அணியம் சுவரைத் தாண்டிவிட்டது என்று நிம்மதி அடைகிற நேரத்தில் பின்பக்கம் போய் இடிப்பது இதனால்தான். பின்னால் போகும்போது அந்தப் புள்ளி பின்பக்கம் நகர்ந்துவிடும், அணியம் வீசும்.

கியரை முன்னாலிருந்து நேராக ரிவர்ஸுக்கு இழுக்காதீர்கள். நியூட்ரலில் இரண்டு மூன்று வினாடி நிறுத்துங்கள். கியர்பாக்ஸுக்கும் நல்லது, படகு என்ன செய்கிறது என்று பார்க்க உங்களுக்கும் நேரம் கிடைக்கும்.

அவுட்போர்டு (பின்பக்கம் வெளியே தொங்கும் இன்ஜின்) அல்லது ஸ்டெர்ன்டிரைவ் (இன்ஜின் உள்ளே, புரொப்பல்லரோடு திரும்பும் கால் வெளியே) இரண்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் இன்ஜின்கள் நெருக்கமாக இருப்பதால் கைவண்டிக் கணக்கு பலவீனமாகத்தான் வேலை செய்யும். ஆனால் உந்துவிசையையே திருப்ப முடியும். எனவே முதலில் ஸ்டியரிங், அப்புறம் கியர்.

காற்றை எடை போடுவது

12 மீட்டர் குரூசரின் ஒரு பக்கம், கேபினையும் சேர்த்து, சுமார் 25 சதுர மீட்டர் பரப்பு இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். பக்கவாட்டில் 15 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர்) காற்று அடித்தால் அது ஏறத்தாழ 90 கிலோ விசையோடு தள்ளுகிறது. 20 நாட் ஆனால் 160 கிலோ. காற்று இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். கயிற்றைப் பிடித்துக் கையால் இழுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணை மனதில் வைக்க வேண்டும். 15 நாட் என்பது புயல் அல்ல, சென்னையின் சாதாரண கோடை மதியம்.

கோடையில் காலையில் தரையிலிருந்து மேற்குக் காற்று வரும். மதியத்துக்கு முன்னோ பின்னோ அது ஓய்ந்து, தென்கிழக்கிலிருந்து கடல்காற்று ஏறும். ஒரே ஜெட்டி, காலையில் உங்களை வெளியே தள்ளும், மதியம் சுவரோடு சேர்த்து அழுத்தும். முடிந்தால் 11 மணிக்குள் திரும்பிவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக் காலம். அப்போது காற்றைவிட, உள்ளே வரும் அலை ஏற்றம்தான் தொல்லை.

நீரோட்டத்தை நம் மீனவர்கள் பெயர் வைத்தே அழைக்கிறார்கள். வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வன்னி, தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி. துறைமுகச் சுவருக்குள் இது பெரிதாகத் தெரியாது. முகத்துவாரங்களில் தெரியும், அங்கே கழிமுகத்துக்குள் ஏறி இறங்கும் ஓதமும் சேர்ந்துகொள்ளும். முட்டுக்காடு போன்ற இடங்களில் மணல் திட்டு நகர்ந்துகொண்டே இருக்கும், தண்ணீரும் ஆழம் குறைவு. போன மாதம் போன வழி இந்த மாதம் இருக்கும் என்று நம்பி ஆழமான அடிப்பகுதி உள்ள படகைக் கொண்டுபோகாதீர்கள்.

அணைப்பதற்கு முன் எப்போதும் ஒரு வேலை செய்யுங்கள். ஜெட்டியிலிருந்து 50 மீட்டர் தள்ளி இரண்டு கியரையும் நியூட்ரலில் போட்டு அரை நிமிடம் சும்மா நில்லுங்கள். படகு எந்தப் பக்கம் நகர்கிறது, எவ்வளவு வேகமாக, அணியம் முதலில் விழுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலான குரூசர்களில் அணியம் லேசானது, காற்றில் அதுதான் முதலில் விலகும். கட்டிடத்தின் மேல் பறக்கும் கொடியைவிட இந்த அரை நிமிடம் அதிகம் சொல்லும்.

வாட்டர் கேன் பயிற்சி

சுவர் பக்கம் போவதற்கு முன் திறந்த தண்ணீரில் பழகுங்கள். கப்பல் வழியும் மீன்பிடிப் படகு வழியும் இல்லாத, அனுமதியுள்ள இடமாகப் பாருங்கள். 20 லிட்டர் காலி வாட்டர் கேன் இரண்டை எடுத்து, கயிற்றில் செங்கல் கட்டி, 15 மீட்டர் இடைவெளியில் போடுங்கள். அதுதான் உங்கள் ஜெட்டி. கேன் இடித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் கயிறு புரொப்பல்லரில் சிக்காதபடி விலகி இருங்கள்.

முதலில் ஒரு கேன் பக்கத்தில் நின்று, நகராமல் முழு வட்டம் சுற்றுங்கள், இரண்டு பக்கமும். அடுத்து, அணியத்தைக் காற்றுக்கு நேராக வைத்து இரண்டு நிமிடம் அதே இடத்தில் நில்லுங்கள். பிறகு பின்பக்கத்தைக் காற்றுக்கு வைத்து அதையே செய்யுங்கள். இரண்டாவதுதான் சுலபம் என்று உங்களுக்கே தெரியும். கடைசியாக, இரண்டு கேனுக்கும் நடுவில் பின்னால் போய் நுழையுங்கள். இதையெல்லாம் ஐடிலில் மட்டும் செய்ய வேண்டும். த்ராட்டில் மேல் கை போகிறது என்றால், கியரை ஒரு வினாடி தாமதமாகப் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கயிறு, ஃபெண்டர், பேச்சு

காசிமேட்டில் எங்கும் கிடைக்கும் பச்சை, நீலப் பிளாஸ்டிக் கயிறு வலை வேலைக்கு நல்லது. தண்ணீரில் மிதக்கும். ஆனால் படகைக் கட்டுவதற்கு நான் அதை வாங்க மாட்டேன். அது இழுபடாது, நம் வெயிலில் சீக்கிரம் பொடிந்துபோகும். மூன்று புரி நைலான், 14 அல்லது 16 மில்லிமீட்டர், அலையில் இழுபட்டுக் கொடுக்கும். முன்கயிறு, பின்கயிறு படகு நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் போதும். ஸ்பிரிங் கயிறுகள் படகின் முழு நீளத்துக்கு வேண்டும்.

ஸ்பிரிங் என்றால் என்னவென்று தெரியாமலே பலர் வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். படகிலிருந்து ஜெட்டிக்குக் குறுக்கே போகாமல், நீளவாக்கில் சாய்ந்து போகும் கயிறு அது. படகு முன்னும் பின்னும் ஓடாமல் தடுக்கும். அதைவிட முக்கியம், அதைப் பிடித்துக்கொண்டு இன்ஜினை ஓட்டினால் படகைப் பக்கவாட்டில் நகர்த்தலாம். கயிறுகளிலேயே மிகவும் பயனுள்ளது நடு கிளீட்டிலிருந்து (படகின் நடுவில் கயிறு கட்டும் கொம்பிலிருந்து) பின்னோக்கிப் போகும் ஸ்பிரிங்தான்.

ஃபெண்டர்களை, அதாவது படகு சுவரில் உரசாமல் நடுவில் தொங்கவிடும் மெத்தைகளை, உயரமான சுவருக்கு ஏற்ற உயரத்தில் கட்டுங்கள். ஒன்றைக் கட்டாமல் கையோடு வைத்திருக்க ஒருவரை நிறுத்துங்கள். படகு எங்கே தொடப்போகிறதோ அங்கே அவர் கொண்டுவருவார்.

உதவிக்கு இருப்பவரோடு முன்கூட்டியே பேசுங்கள். “தம்பி, முதல்ல நடு ஸ்பிரிங். நான் சொன்ன பிறகுதான் முன்கயிறு. குதிக்கக் கூடாது. கையால, காலால தள்ளக் கூடாது.” இதைக் கடைசி நேரத்தில் கத்திச் சொல்வதற்குப் பதில் நிதானமாக முன்பே சொன்னால், கடைசி நேரத்தில் கத்த வேண்டியே இருக்காது. கயிற்றைக் கையால் தாங்கிப் பிடிக்காமல் கிளீட்டில் ஒரு சுற்று போட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். 90 கிலோ கணக்கை நினைவில் வையுங்கள்.

பக்கவாட்டில் அணைப்பது

ஜெட்டி உங்கள் இடப்பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

காற்று, ஓட்டம் இரண்டில் எது பலமோ அதை எதிர்த்து வாருங்கள். அதுதான் உங்கள் பிரேக். பல படகுகள் இரண்டு இன்ஜினும் ஐடிலில் முன் கியரில் இருந்தால் 4, 5 நாட் போகும். இது ஜெட்டிக்கு அதிகம். எனவே ஒன்றை நியூட்ரலில் விட்டு, ஒன்றை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு வாருங்கள். வேகம் கூடினால் என்ன ஆகும் என்றால், 3 நாட்டில் இடிக்கும் படகு 1 நாட்டில் இடிப்பதைப் போல 9 மடங்கு ஆற்றலோடு இடிக்கும்.

20 முதல் 30 டிகிரி கோணத்தில், அணியம் ஜெட்டியைப் பார்க்க வாருங்கள். திசையைத் திருத்த அந்தந்தப் பக்க கியரை ஒரு வினாடி போட்டு எடுங்கள். அணியம் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தூரத்தில் இருக்கும்போது இரண்டையும் நியூட்ரலில் போட்டு நகர விடுங்கள். இப்போது வெளிப்பக்க இன்ஜினை, அதாவது வலதை, ரிவர்ஸில் போடுங்கள். ஒரே அசைவில் இரண்டு காரியம் நடக்கும். படகு நிற்கும், பின்பக்கம் ஜெட்டியை நோக்கி வரும். படகு சுவருக்கு இணையானதும் நியூட்ரல். நடு ஸ்பிரிங்கைப் போடச் சொல்லுங்கள்.

புதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் உள்பக்க இன்ஜினை ரிவர்ஸில் போட்டுவிடுவார்கள். அப்போது பின்பக்கம் வெளியே போகும். கூடவே அது தள்ளும் தண்ணீர் சுவருக்கும் படகுக்கும் நடுவில் புகுந்து படகை இன்னும் விலக்கும். “நிறுத்த வெளிப்பக்கம்” என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

சரி, காற்று ஜெட்டியை நோக்கி அடித்தால்? மே மாத மதியத்தில் எனக்கு நடந்தது இதுதான். கோணமாக வரவே கூடாது. சுவருக்கு இணையாக, மூன்று நான்கு மீட்டர் தள்ளி, முழுதாக நிறுத்திவிடுங்கள். பிறகு காற்றே கொண்டுபோய்ச் சேர்க்கும். அணியம் முந்திக்கொண்டு உள்ளே விழும், அதைத் தடுப்பது மட்டும் உங்கள் வேலை. உள்பக்க இன்ஜினை முன்னால் ஒரு வினாடி, வெளிப்பக்க இன்ஜினை ரிவர்ஸில் ஒரு வினாடி போட்டால் அணியம் வெளியே வரும். ஃபெண்டர்கள் தயாராக இருந்தால் மெத்தையில் படுப்பதுபோல் படுக்கும்.

காற்று ஜெட்டியிலிருந்து வெளியே அடித்தால் நிலைமை வேறு. மெதுவாக வந்தால் சேரவே மாட்டீர்கள். கோணத்தை 40, 45 டிகிரிக்குக் கூட்டி, கொஞ்சம் கூடுதல் வேகத்தோடு வாருங்கள். முதல் குறி நடு ஸ்பிரிங் ஒன்றுதான். வளையத்தை ஜெட்டியில், நடு கிளீட்டுக்குப் பின்னால் இருக்கும் பொல்லார்டில் (கயிறு கட்டும் குட்டைத் தூணில்) போட வேண்டும். கயிறு விழுந்து கிளீட்டில் சுற்றியதும், ஒரு இன்ஜினை ஐடிலில் முன்னால் போட்டு, ஸ்டியரிங்கை ஜெட்டிக்கு எதிர்ப்பக்கம், அதாவது வலப்பக்கம், முழுதாகத் திருப்புங்கள். முன்பு மறக்கச் சொன்ன ஸ்டியரிங்குக்கு இங்கேதான் வேலை. புரொப்பல்லர் தள்ளும் தண்ணீர் சுக்கானில் பட்டுப் பின்பக்கத்தை உள்ளே தள்ளும், ஸ்பிரிங் அணியத்தை விடாது. படகு மெல்ல வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். கியரை அப்படியே விட்டுவிட்டு, அவசரப்படாமல் மற்ற கயிறுகளைக் கட்டலாம். இரண்டே பேர் உள்ள படகுக்கு இதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை.

எந்த முறையானாலும், பாதியில் சரியாக வரவில்லை என்று தோன்றினால் வெளியேறிச் சுற்றி மறுபடி வாருங்கள். மூன்று தடவை சுற்றி வருகிறவரைப் பார்த்து எனக்கு மரியாதைதான் வரும்.

பின்னால் போய் நுழைவது

இங்கே கைவண்டியை மீண்டும் நினைத்துக்கொள்ளுங்கள். லீவர்களுக்கு முதுகைக் காட்டி, பின்பக்கம் பார்த்து நில்லுங்கள். இப்போது நீங்கள் போகும் திசையைப் பார்க்கிறீர்கள். உங்கள் இடக்கையில் இருப்பது வலது இன்ஜின் லீவர். எது எந்த இன்ஜின் என்று யோசிக்கவே வேண்டாம். இடக்கைப் பிடியை நீங்கள் பார்க்கும் திசையில், அதாவது ரிவர்ஸுக்கு, தள்ளினால் பின்பக்கம் வலக்கைப் பக்கம் போகும். வலக்கைப் பிடியைத் தள்ளினால் இடக்கைப் பக்கம். வண்டி தள்ளுவது போலவேதான்.

நுழைய வேண்டிய இடத்தைக் கொஞ்சம் தாண்டி, காற்று வரும் பக்கமாக நிறுத்துங்கள். நின்ற இடத்தில் சுழன்று பின்பக்கத்தை வாசலுக்கு நேராக்குங்கள். இரண்டையும் ரிவர்ஸ் ஐடிலில் போடுங்கள். கோணல் வந்தால் எதையும் கூட்டாதீர்கள், ஒன்றை நியூட்ரலுக்கு எடுங்கள், நேராகிவிடும். அணியம் காற்றில் அதிகம் விலகிவிட்டால் வெளியே வந்து மறுபடி தொடங்குவதுதான் சரி.

கிளம்புவது

காற்று வெளியே தள்ளினால் கயிற்றை எடுத்தால் போதும், படகு தானே விலகும். காற்று சுவரோடு அழுத்தும்போது மட்டும் வேலை. மற்ற எல்லாக் கயிற்றையும் எடுத்துவிட்டு, அணியத்திலிருந்து பின்னோக்கிப் போகும் ஸ்பிரிங்கை மட்டும் விடுங்கள். அதை பொல்லார்டைச் சுற்றி இரட்டையாகப் போட்டு இரண்டு முனையையும் படகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அணியத்தில் பெரிய ஃபெண்டர் வேண்டும். வெளிப்பக்க இன்ஜின் முன்னால், உள்பக்க இன்ஜின் ரிவர்ஸில். அணியம் ஃபெண்டரில் சாய, பின்பக்கம் காற்றை எதிர்த்து வெளியே வரும். 30, 40 டிகிரி திறந்ததும் நியூட்ரல், ஸ்பிரிங்கின் ஒரு முனையை விட்டு இழுங்கள், கயிறு முழுக்க மேலே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு இரண்டும் ரிவர்ஸ். கயிறு தண்ணீரில் கிடக்கும்போது கியர் போட்டால் புரொப்பல்லர் அதைச் சுற்றிக்கொள்ளும்.

ஒரு இன்ஜின் நின்றுவிட்டால்

இது நடக்கும். நம் தண்ணீரில் அறுந்த வலையும் பிளாஸ்டிக் பையும் நிறைய. கூலிங் தண்ணீர் உறிஞ்சும் வாயை அவை அடைத்தாலே போதும். நின்ற இன்ஜின் இருக்கும் பக்கத்தை ஜெட்டிக்குக் கொடுங்கள். இடது நின்றுவிட்டால் இடப்பக்கம் அணையுங்கள். அப்போது ஓடும் இன்ஜின் வெளிப்பக்கம் இருக்கும், “நிறுத்த வெளிப்பக்கம்” என்ற விதி அப்படியே வேலை செய்யும். ரிவர்ஸ் போட்டதும் பின்பக்கம் உள்ளே வரும். வலது இன்ஜின் மட்டும் ஓடினால் படகு இடப்பக்கம் சுலபமாகவும் வலப்பக்கம் கஷ்டப்பட்டும் திரும்பும். அதனால் திருப்பங்களைத் திறந்த வெளியிலேயே முடித்துவிட்டு நேராக வாருங்கள். ஸ்டியரிங்கையும் முழுதாகப் பயன்படுத்துங்கள். இரண்டு இன்ஜினும் நன்றாக இருக்கும் ஒரு நாளில், ஒன்றை நியூட்ரலில் வைத்து இதைப் பழகிப் பாருங்கள்.

கட்டிய பிறகு

இன்ஜின்களைச் சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு நிறுத்துங்கள். அப்புறம் கயிறுகளைப் பாருங்கள். சென்னையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் ஏறத்தாழ 1 மீட்டர் ஏறி இறங்கும். வற்றும்போது கயிறு படகைத் தூக்கிப் பிடிக்காத அளவு தளர்வு வேண்டும். ஸ்பிரிங்குகள் நீளமாக இருந்தால் அந்தத் தளர்வு தானே கிடைக்கும். கயிறு சுவர் விளிம்பில் தேயும் இடத்தில் பழைய தீயணைப்புக் குழாயோ தடித்த ரப்பர் குழாயோ மாட்டுங்கள். வாடைக் காலத்தில் படகு இரவு முழுக்க முன்னும் பின்னும் ஆடும், தேய்மானம் ஒரே இரவில் பாதிக் கயிற்றைத் தின்றுவிடும்.

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் எண் சிறியது என்று காத்திருக்காதீர்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையேறியபோது சென்னை பார்த்த காற்றுக்கு முன்னால் எந்த ஒற்றைக் கயிறும் ஒன்றுமில்லை. எல்லாக் கயிற்றையும் இரட்டையாக்கி, வேறு வேறு பொல்லார்டில் கட்டுங்கள். மேலே உள்ள துணிக் கூரை, நாற்காலி, காற்றைப் பிடிக்கும் எல்லாவற்றையும் கழற்றிக் கீழே வையுங்கள். ஃபெண்டர்களுக்கு வெளியே இரண்டு லாரி டயர் தொங்கவிடுங்கள். பிறகு படகிலிருந்து இறங்கிவிடுங்கள். அந்த நேரத்தில் படகைக் காப்பாற்ற யாரும் அதில் இருக்க வேண்டியதில்லை.